குடோன் கத்தல்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் மெஹருன்னிசா என் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். குரல் நாண் இரண்டு. ஒன்று வெள்ளையாக இருந்தது. மற்றொன்று வெற்றிலை போட்ட நாக்கு மாதிரி சிவந்து கிடந்தது.

"ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னும் கூடாது, அது கத்தறதைவிட மோசம். என்ன வேலை பண்றீங்க?"

வாயைத் திறக்கப் போனேன். அவர் தன் உதட்டில் விரலை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தியாகு எனக்காகப் பதில் சொன்னார்.

"சினிமாவுல கத்தறா டாக்டர்."

பதினெட்டு வருட உத்தியோகம் மூன்றே வார்த்தையில் முடிந்துவிட்டது. தப்பு என்றும் சொல்ல முடியாது. வரும் வழியில் கோடு போட்ட நோட்டு ஒன்றும், குழந்தைகள் எழுதுகிற சிலேட்டு ஒன்றும் வாங்கினோம். சிலேட்டு வீட்டுக்கு. நோட்டு எனக்கு. வாயை மூடலாம், உள்ளே ஓடுவதை எப்படி மூடுவது?

ஜூன் 4, புதன்

சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், தூங்கினேன். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

நான் டப்பிங் கலைஞர். சண்டைப் படங்களில் வருகிற கதாநாயகிகளுக்குக் குரல் கொடுப்பவள். அவர்கள் பாதிப் படம் சிரிப்பார்கள், மீதிப் பாதி கத்துவார்கள். கத்தலில் வகைகள் உண்டு. மொட்டை மாடி விளிம்பில் தொங்கும்போது மாடிக் கத்தல். ஓடும் காருக்குள் இழுக்கும்போது கார் கத்தல். வில்லனின் குடோனில் நாற்காலியோடு கட்டிப் போட்டு, கதாநாயகன் வரும்வரை கத்த வேண்டியது குடோன் கத்தல். அதில் நான் பெயர் எடுத்தவள். சாலிகிராமம் முழுக்க, "குடோனா? தமயந்தியைக் கூப்பிடு" என்பார்கள். தொண்டை கெட்டுவிடும் என்பதால் மற்ற வசனமெல்லாம் முடித்து, கத்தலைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். கடைசிப் படத்தில் அதுவும் உதவவில்லை. "வேந்தா! வேந்தா!" என்று மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை கூப்பிட்டேன். அந்த வேந்தன் என்னமோ ஊரிலுள்ள ரவுடிகளையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தான்.

கத்தல் அழகாகவும் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் மும்பையிலிருந்து வந்த கதாநாயகி வாயைத் திறந்தது ஒரு கடலை உருண்டை நுழைகிற அளவுக்குத்தான். உயிர் போகிற கத்தலை அந்தச் சந்துக்குள் நான் நுழைக்க வேண்டும்.

அதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறேன். மைக் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். மூச்சு அடிவயிற்றுக்குப் போகாமல் நெஞ்சிலேயே நிற்கும், கத்தல் மெலிசாக, கூராக வரும். பழகிப் பழகி இப்போது ரேஷன் கடை வரிசையிலும் அப்படித்தான் நிற்கிறேன். கீழ்வீட்டு அம்மாள், "என்ன, ஸ்கூல் ப்ரேயரா?" என்று கேலி செய்வாள்.

ஜூன் 6, வெள்ளி

என் போனுக்கு வருகிற அழைப்பெல்லாம் இப்போது அவர்தான் எடுக்கிறார். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் அனுமதி வாங்கியிருக்கிறார், பாவம். என் அண்ணி பேசினாள். நான் சிலேட்டில், "பரவாயில்லை, போரடிக்கிறது" என்று எழுதிக் காட்டினேன்.

"அவ நல்லா இருக்கா அண்ணி. ரெஸ்ட் எடுக்கறது ஜாலியா இருக்காம். எல்லாரையும் ரொம்ப விசாரிச்சதா சொல்றா," என்றார் அவர்.

நான் யாரையும் விசாரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் டப்பிங் கொடுத்தேன், எனக்கு அவர் டப்பிங் கொடுக்கிறார். உதட்டசைவுதான் பொருந்தவில்லை.

சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரிப்பது கஷ்டம். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பால்தான்.

ஜூன் 9, திங்கள்

மத்தியானம் கண்ணயர்ந்தேன். கரண்ட் இல்லை, காற்றாடி நின்றிருந்தது. கனவில் காலிங் பெல் அடித்தது. திறந்தால் வாசலில் நான் குரல் கொடுத்த பெண்கள் எல்லோரும் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பது தப்பு, நாற்காலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. நெற்றியில் ஒரு கீறல், ஒரே ஒரு கொத்து முடி மட்டும் கலைந்திருக்கிறது, மை அழியவில்லை. ஒருத்தி நீலப் பாவாடை தாவணி. ஒருத்தி கல்யாணப் பட்டு, மாலை வாடாமல். ஒருத்தி காலேஜ் பேக்கை மாட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

ஒவ்வொரு நாற்காலியாக ஹாலுக்குள் இழுத்துப் போட்டேன். இடம் போதவில்லை, இரண்டு பேரைப் பால்கனியில் துணிக்கொடிக்கு அடியில் விட்டேன். எல்லோரும் வாயைத் திறந்து மூடினார்கள். சத்தம் இல்லை. சத்தம் என்னிடம் இருக்கிறது என்று கேட்டு வந்திருக்கிறார்கள். என்னிடமும் இல்லை என்று எப்படிச் சொல்வது? காப்பி போட்டேன். கை கட்டியிருப்பதால் ஒவ்வொருத்திக்கும் நானே ஆற்றிப் புகட்டினேன். பட்டுப்புடவைக்காரி சர்க்கரை போதாது என்று கண்ணாலேயே சொன்னாள்.

விழித்தபோது வாயில் காப்பி வாசனை. இதை யாரிடம் சொல்வேன்? ஊமை கண்ட கனா என்பது சும்மா வந்த பேச்சில்லை.

ஜூன் 11, புதன்

அவர் வைத்த ரசத்தில் உப்பில்லை. "சூப்பர்னு சொல்றியா?" என்று கேட்டு, என் சார்பில் அவரே தலையாட்டிக்கொண்டார்.

ஜூன் 14, சனி

மோசஸ் வந்திருந்தான். டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு செய்பவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், அப்படியே வருடங்கள் போய்விட்டன. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புளிப்பு ஆகாதோ?" என்று அவனே உரித்துத் தின்றான்.

"அக்கா, இளங்குமரன்னு ஒரு புது டைரக்டர். அவர் படத்துல ஹீரோயின் சண்டை போடறா. ஒரு ரீல் முழுக்க அவ ஒருத்திதான். டயலாக்கே கிடையாது. அடி, மூச்சு, கத்தல், அவ்வளவுதான். நீங்கதான் வேணுமாம்."

போனில் ஓடவிட்டான். சத்தமில்லாத படம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியின் குடோன். மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன, மேலே ஓட்டுச் சந்தில் வெயில் இறங்குகிறது. ஒரு பெண் நடுவில் நிற்கிறாள். ஒருவனைத் தூக்கி மூட்டை மேல் அடிக்கிறாள், மூட்டை கிழிந்து மஞ்சள் தூள் எழும்புகிறது. அதற்குப் பிறகு எல்லாமே மஞ்சள்தான். அவள் முடி, முகம், அவளை அடிக்க வருகிறவர்கள், காற்று எல்லாம். தூளுக்குள் அவள் மெதுவாகத் திரும்புகிறாள். தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருந்தது.

அதே குடோன்தான். நாற்காலி மட்டும் இல்லை.

எனக்கு அது வேண்டும். இந்த வேலையில் எதையும் நான் கேட்டு வாங்கியதில்லை, கூப்பிட்டால் போவேன், கத்துவேன், வருவேன். இதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. சிலேட்டில் "எப்போது?" என்று எழுதினேன். அடுத்த மாத ஆரம்பத்தில் என்றான். அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "முதல்ல தொண்டை சரியாகட்டும், பாப்போம்," என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடியும் மத்தியானம், மறுபடியும் நாற்காலிகள். இந்த முறை கட்டை அவிழ்த்துவிடலாம் என்று அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு நீலத் தாவணிக்காரியின் பின்னால் போனேன். முடிச்சைத் தேடினேன். முடிச்சே இல்லை. கயிறு மணிக்கட்டைச் சும்மா சுற்றி வந்து, நுனி அவள் உள்ளங்கைக்குள் போயிருக்கிறது. அவளே இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அடுத்தவளும் அப்படியே.

விழித்துக்கொண்ட பிறகு ஞாபகம் வந்தது, இது கனவு கட்டியதில்லை. எப்போதோ ஒரு கதாநாயகிக்குத் தமிழ் வசனம் சொல்லிக் கொடுக்க ஷூட்டிங்குக்குப் போனேன். கயிறு இறுகினால் தோல் சிவந்துவிடும் என்று, சுற்றிவிட்டு நுனியை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தார்கள். "விட்டுடாதீங்க மேடம், லூசா தெரியும்," என்றார் உதவி இயக்குநர். அவள் நல்ல பிள்ளையாகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பகல் கனவு பலிக்காது என்பார்கள். இது ஏற்கெனவே நடந்தது, பலிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 18, புதன்

டாக்டரிடம் போனோம். சிவப்பு வடிந்திருக்கிறது. பேச்சு இன்னும் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி வரும்படி மெதுவாக "ஊ" என்று ஊத வேண்டும், காலையும் மாலையும். பால்கனியில் உட்கார்ந்து ஊதினேன். என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து குமிழியாக மேலே வந்து உடைந்தது. கீழ்வீட்டு அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் என் போன் அடித்தது. அவர் எடுத்தார்.

"சொல்லுங்க மோசஸ்... ஆமா... இல்லப்பா, அவ இனிமே சண்டைப் படமெல்லாம் பண்ண மாட்டா. வேற ஆளைப் பாத்துக்கோங்க. அவளேதான் எழுதிக் காட்டினா."

நான் எழுதிக் காட்டவில்லை. சிலேட்டு என் பக்கத்தில் இருந்தது, அதில் "பால் பாக்கெட் 2" என்றுதான் இருந்தது.

எழுந்து ஹாலுக்கு வந்தேன். வாயைத் திறந்தேன், மூடினேன். என் வீட்டு ஹாலில் நானே அந்த நாற்காலிப் பெண்களில் ஒருத்தியாக நின்றேன். படமாக இருந்தால் இந்நேரம் சுவரை உடைத்துக்கொண்டு யாராவது வருவார்கள். அப்படி வர வேண்டியவர்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போய் அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுகிறேன், பிடுங்கினேன். விரலில் இருந்த வெண்டைக்காய்ப் பசை போனில் ஒட்டியது. காதில் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, என்ன சொல்ல முடியும் என்னால்?

"ஹலோ? ஹலோ, சார்?" என்றான் மோசஸ்.

எனக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நீங்கதானே?"

போனைக் காதோடு அழுத்தினேன்.

"நீங்கதான். எத்தனை வருஷமா உங்க மூச்சை வெட்டி வெட்டி ஒட்டறேன், எனக்குத் தெரியாதா? பேசாதீங்கக்கா. நான் கேக்கறேன். படம் பண்றீங்களா? சரின்னா ஒரு மூச்சு விடுங்க. வேண்டாம்னா ரெண்டு."

ஒரு மூச்சு விட்டேன். நெஞ்சு காலியாகும்வரை விட்டேன்.

"சரிக்கா," என்று வைத்துவிட்டான்.

கோபம் ஒன்றும் இல்லை. வெண்டைக்காய்ப் பொரியல் கொஞ்சம் கருகிவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டு நாளாக வீட்டில் நான் மட்டுமில்லை, அவரும் பேசவில்லை. இன்று காலை தானாக ஆரம்பித்தார்.

"அந்த டாக்டர் திரையில காட்டினாங்களே, அந்தச் சிவப்பு. கண்ணை மூடினா அதுதான் வருது தமா. உன் சத்தம் போயிட்டா இந்த வீட்ல நான் யாரோட பேசறது? அதான் சொல்லிட்டேன்."

அவர் குரல் உடைந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். சிலேட்டை எடுத்து, "கேட்டிருக்கலாம்" என்று எழுதி டீப்பாய் மேல் வைத்தேன்.

படித்தார். வழக்கமாக உடனே துடைத்துவிடுவார். இன்று துடைக்கவில்லை. சாயங்காலம்வரை அது அங்கேயே இருந்தது, காப்பி டம்ளரைக்கூட அதைச் சுற்றித்தான் வைத்தார்.

ஜூன் 27, வெள்ளி

பேசலாம் என்றார் டாக்டர். கூடவே, "அந்த மெலிசான கூச்சல் இனிமே கூடாதும்மா. அதுதான் கிழிச்சிருக்கு. சத்தம் போட்டே ஆகணும்னா அடிவயித்துல இருந்து போடுங்க," என்றார். குடோன் கத்தல் போயிற்று என்று அர்த்தம். என் பெயரே அதில்தான் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். "முதல் வார்த்தை என்ன சொல்லப் போற?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ரசத்துக்கு உப்பு போடுங்க," என்றேன்.

இரண்டு பேருமே திடுக்கிட்டோம். என் குரல் கீழே இறங்கியிருந்தது. அரிசி களைகிற மாதிரி ஒரு கரகரப்பு. அவர் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டு வந்தார்.

ஜூலை 2, புதன்

நாளை டப்பிங். புடவைக்கு இஸ்திரி போட்டேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

தியேட்டரில் அதே குளிர், அதே கம்பளி வாசனை. இளங்குமரன் சின்னப் பையன், நல்ல மரியாதை. "மேடம், அடிக்கும்போதும் கேக்க அழகா இருக்கணும். உங்க குடோன் கத்தல் மாதிரி, கொஞ்சம் கியூட்டா," என்றார்.

திரையில் மஞ்சள் எழும்பியது. நான் "ஹா" என்றேன். மெலிசாக வந்து கிழிந்தது. இன்னொரு முறை. இன்னும் மோசம். இளங்குமரன் மணியைப் பார்ப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. தொண்டை எரிந்தது, கண் இருட்டியது. சிவப்பு மறுபடியும் வருகிறதோ என்று நடுங்கிப் போனேன். வேண்டாம் என்று தியாகு சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றியது.

தண்ணீர் குடிக்க விட்டார்கள். திரையில் படம் நின்றிருந்தது, அவள் முதுகு, பறக்கும் முடி. அந்தத் தோள் அகலமாக இருந்தது.

"மோசஸ், இது அந்தப் பொண்ணா?"

"இல்லக்கா. நம்ம ஃபைட்டர் பாஸ்கர். விக் வெச்சுக் கட்டினது. முகம் தெரியற ஷாட் மட்டும்தான் அந்தப் பொண்ணு. எப்பவும் அப்படித்தானே?"

எப்பவும் அப்படித்தான். முகம் மும்பையிலிருந்து, முதுகு பாஸ்கருடையது. அப்படியென்றால் இந்தச் சண்டையில் பெண்ணின் பலம் என்று ஒன்று இருந்தால் அது நான் விடப்போகிற மூச்சு மட்டும்தான். அதையும் நான் கியூட்டாக விட்டால் அங்கே பெண்ணே கிடையாது. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மைக் முன்னால் போய் நின்றேன். ஹெட்போனில் மோசஸின் குரல்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? அவளை யாரும் கட்டிப் போடல. நீங்க ஏன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

குனிந்து பார்க்கத் தேவையில்லை. என் வலது கை என் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

விட்டேன். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின, என்ன செய்வது என்று தெரியாமல். காலை அகட்டி வைத்தேன். மூச்சு தானாகக் கீழே இறங்கியது, வயிறுவரை, இடுப்புவரை. திரையில் அவள் ஓங்கினாள். நானும் ஓங்கினேன்.

அது கத்தல் இல்லை. மூட்டை இறக்குகிறவர்கள் விடுவார்களே, அந்த "ஹும்", அதற்குப் பின்னால் ஒரு உறுமல். அடுத்த அடிக்கு இன்னொன்று. மஞ்சள் தூள் என் மேலும் படிகிற மாதிரி இருந்தது. பாஸ்கரின் முதுகு, அந்தப் பெண்ணின் முகம், என் வயிறு, எல்லாம் ஒரே ஆளாக அந்த வெளிச்சத்துக்குள் திரும்பியது. ரீல் முடிந்தபோது நான் எங்கே நிற்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தொண்டை எரியவே இல்லை.

இளங்குமரன் உள்ளே வந்தார். "மேடம், இது... பொண்ணு சத்தம் மாதிரி இல்லையே?"

"வேற யாரோட சத்தம் தம்பி? நான்தானே போட்டேன்?"

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "எடிட்ல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் மேடம்," என்றார். பொருந்தாவிட்டால் வேறு குரல் போட்டுவிடுவார்கள். அது அவர் உரிமை. ஆட்டோவில் வரும்போது வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையும் கீழ்க்குரலில்தான் வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

தோசைக்கு அரைத்தேன். ஒன்றும் தகவல் இல்லை.

ஜூலை 9, புதன்

மத்தியானம் தூங்கினேன். ஹாலில் நாற்காலிகள் இருந்தன, காலியாக. கயிறெல்லாம் தரையில் கிடந்தது. பெண்கள் சமையலறையில் இருந்தார்கள். நீலத் தாவணிக்காரி டம்ளர் கழுவினாள், பட்டுப்புடவைக்காரி சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள், மாலையைக் கழற்றிக் கதவுப் பிடியில் மாட்டியிருந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி குரலும் என் குரல் இல்லை.

போன் அடித்துத்தான் விழித்தேன். அவர் பழக்கத்தில் எடுத்துவிட்டார். "சொல்லுங்க மோசஸ், அவ வந்து..." என்று ஆரம்பித்தவர், அறை வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து நிறுத்தினார். "இருங்க, அவளே பேசுவா," என்று போனை நீட்டினார்.

"அக்கா," என்றான் மோசஸ். "உங்க சத்தத்தை அப்படியே வெச்சிட்டாரு. ஒண்ணும் எடுக்கல. பாஸ்கர் வந்து பாத்துட்டு, அந்த விக்குக்குள்ள இருந்தது தானான்னு அவனே பயந்துட்டான். அடுத்த படத்துலயும் ஹீரோயினுக்குச் சண்டை இருக்காம். நீங்க இதே மாதிரி பண்ணுவீங்களான்னு கேக்கச் சொன்னாரு."

பேச வாய் இருந்தது. வார்த்தையும் இருந்தது. தியாகு பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை உதட்டருகே கொண்டுபோய், அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு மூச்சு விட்டேன்.